ஒன்ராறியோ நாட்டுப்புறத்தில் காணியோடு வீடு வாங்க முன்

ஒரு ஏக்கர் என்பது 16 பரப்பு. ஸ்காபரோவில் வேலிக்கு வேலி முட்டும் வீடுகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, ரொறன்ரோவுக்கு வடகிழக்கே லிண்ட்ஸே பக்கம் பத்து ஏக்கரோடு வீடு என்றதும் மனம் ஓடிவிடும். ஆசை நியாயமானது. ஆனால் நகரசபைக் குழாய் இல்லாத இடத்தில் தண்ணீரும் கழிவும் உங்கள் காணிக்குள்ளேயே நடக்கும் காரியங்கள். பழுதானால் செலவும் உங்களுடையதே. குசினியைப் பார்க்கமுன் கிணற்றைப் பாருங்கள்.

அதற்கும் முன் உங்கள் குடிவரவு நிலை. நிரந்தர வதிவிட உரிமை இல்லாமல், வேலை அல்லது படிப்பு அனுமதியில் மட்டும் இருப்பவர்கள் வீடு வாங்குவதை மத்திய அரசின் தடைச்சட்டம் 2027 ஜனவரி 1 வரை கட்டுப்படுத்துகிறது. குடிசனக் கணிப்பில் பெருநகரம், சிறுநகரம் என்று வகுத்த எல்லைகளுக்கு வெளியே அந்தத் தடை இல்லை. இதைக் கேட்டு நிம்மதியடைபவர்கள், வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணம் போடும் 25% வரியை மறந்துவிடுகிறார்கள். 2022 ஒக்டோபர் 25 முதல் அது ஒன்ராறியோ முழுவதுக்கும் உண்டு. கையெழுத்து வைக்கமுன் சட்டத்தரணியிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கிணற்றில் குழாய்க் கிணறா, வெட்டுக் கிணறா என்பதுதான் முதற் கேள்வி. குழாய்க் கிணறு ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் அகல இரும்புக் குழாயாக ஆழத்துக்குப் போகும். கொங்கிறீற் வளையம் வைத்த வெட்டுக் கிணறு ஆழம் குறைந்தது. கோடை முடிவில் வற்றலாம், மழைநீரும் வயல்நீரும் இலகுவாக உள்ளே இறங்கும். குழாயின் வாய் தரையிலிருந்து 40 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்கிறதா, மூடி இறுக்கமா என்று பாருங்கள். மாகாணச் சுற்றாடல் அமைச்சின் கிணற்றுப் பதிவில் ஆழம், நீர்மட்டம், ஊற்று அளவு எல்லாம் இருக்கும். மிகப் பழைய கிணறுகளுக்குப் பதிவு இல்லாமலும் போகலாம்.

தண்ணீர்ப் பரிசோதனைப் போத்தல் உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவில் இலவசமாகக் கிடைக்கும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தூளைக் கழுவிவிடாதீர்கள். அது குளோரினை முறிப்பதற்காக வைத்தது. நிரப்பியதும் குளிராக வைத்து 48 மணிக்குள் ஆய்வகத்துக்குச் சேருங்கள். மலத்திலிருந்து வரும் ஈ.கோலிக் கிருமி பூச்சியமாக இருக்கவேண்டும். கிருமி கொல்லும் புற ஊதா விளக்குப் பூட்டிய வீட்டில், விளக்குக்கு முந்திய குழாயிலும் ஒரு மாதிரி எடுங்கள், இல்லாவிட்டால் கிணற்றின் உண்மை நிலை தெரியாது. விற்பவர் அண்மையில் குளோரின் ஊற்றியிருந்தாலும் முடிவு நல்லதாகவே வரும். எனவே மாதிரியை நீங்கள் சொல்பவரே எடுக்கட்டும். ஒன்றிரண்டு கிழமை விட்டு இன்னொரு முறையும் எடுக்கட்டும்.

இந்த இலவசச் சோதனை கிருமியை மட்டும்தான் பார்க்கும். சோளவயலுக்குப் பக்கத்து வீடென்றால் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றுக்குத் தனியார் ஆய்வகத்தில் காசு கட்டிச் சோதியுங்கள். எல்லை லீற்றருக்கு 10 மில்லிகிராம், நைதரசன் கணக்கில். அதற்கு மேற்பட்டால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கக்கூடாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்ற நைத்திரேற்றின் செறிவு இன்னும் கூடும். ஊற்று அளவுக்கு, புதிய காணிப் பிரிப்புகளுக்கு மாகாணம் சொல்லும் நிமிடத்துக்கு 13.7 லீற்றரை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

செப்டிக் என்ற வீட்டுக் கழிவுத் தாங்கியின் பரிசோதனையில் பெரும்பாலானோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: விற்பவர் முதல் நாளே தாங்கியை உறிஞ்சி வெறுமையாக்கி வைத்திருப்பது. நிறைந்த தாங்கியில்தான் நோய் தெரியும். நீர்மட்டம் வெளிக்குழாய்க்கு மேலே நின்றாலோ, உறிஞ்சும்போது கழிவுநீர் மண்ணில் ஊறும் வயற்பக்கமிருந்து தண்ணீர் திரும்பி ஓடிவந்தாலோ, அந்த வயல் அடைத்துவிட்டது என்று அர்த்தம். புது வயல் போடப் பல பத்தாயிரம் டொலர் போகும். தொகுதியின் கொள்ளளவு படுக்கையறைக் கணக்கில் வரும்: மூன்று அறைக்கு நாளுக்கு 1,600 லீற்றர், நான்குக்கு 2,000. அம்மா அப்பாவுக்கென்று நிலக்கீழ் அறை கட்ட நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே விசாரியுங்கள். பொரித்த எண்ணெய், தேங்காய்ப்பூ, சோறு எதுவும் சிங்கினால் போகக்கூடாது. நம் சமையலில் இந்தப் பழக்கம்தான் வயலைக் கெடுக்கும். தாங்கியை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சவேண்டும்.

காணியைத் துண்டு போட்டு உறவுகளுக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள். நல்ல விளைநிலத்தில் புதுத் துண்டு பிரிக்க மாகாணக் கொள்கை அநேகமாக இடங்கொடாது. ஓடை, சதுப்பு, வெள்ளத் தாழ்வு இருந்தால் நீர்வள அதிகாரசபையின் (Conservation Authority) அனுமதியில்லாமல் மண் நிரப்பவோ கொட்டில் போடவோ முடியாது. விவசாயம் நடந்த பகுதிக்கு 13% எச்எஸ்ரி விற்பனை வரி வரலாம். பொது வடிகால் செலவில் உங்கள் காணிக்குப் பங்கு நிலுவையில் இருக்கிறதா என்று நகரசபையிடம் எழுத்தில் கேட்கச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

காப்புறுதிக்காரர் தீயணைப்பு நிலையத் தூரம், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தாங்கியின் வயது, விறகு அடுப்பைப் பரிசோதித்துத் தரும் வெற் (WETT) சான்றிதழ், பழைய மின்கம்பி ஆகியவற்றைக் கேட்பார்கள். வங்கியோ வீட்டையும் கொஞ்ச ஏக்கரையும்தான் மதிப்பிடும்; பெரிய கொட்டில் கணக்கில் வராமல் போக, முற்பணம் கூடும். ஆகவே கடன், காப்புறுதி, தண்ணீர்த் தரம், தண்ணீர் அளவு, செப்டிக் என்ற ஐந்தும் கொள்வனவு ஒப்பந்தத்தில் தனித்தனி நிபந்தனையாக இருக்கட்டும். போட்டிக்காக நிபந்தனைகளைக் கைவிடச் சொல்லும் முகவரின் பேச்சுக்கு இங்கே இணங்கவேண்டாம்.

முடிந்தால் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். பனி உருகும் அந்த நாட்களில் நிலக்கீழ் அறையில் தண்ணீர் நிற்பதும், வீட்டுப் பாதை சேறாவதும், அயல் வயலில் எரு போடும் மணமும் ஒன்றாகத் தெரியும். எரு மணத்துக்கு முறைப்பாடு செய்து பயனில்லை. வழமையான விவசாய வேலைக்கு 1998 ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அன்றே அந்த வீதிக்குக் குளிர்காலம் முழுக்கப் பனி வழிப்பார்களா என்றும், மின்சாரம் நின்றால் கிணற்றுப் பம்பை ஓட்ட ஜெனரேற்றர் இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.