பங்குனிக் காலையில் ஏரிக்கரை: பறவை பார்க்கத் தொடங்குவோருக்கு

முதல் நாளே ஐம்பது வகை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் எட்டு மணிக்கெல்லாம் சலித்துப்போய் வீடு திரும்பிவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, பறவை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜோடி சேர்வது, கூடு கட்டுவது, காக்கையைத் துரத்துவது எல்லாம் கண்ணெதிரே நடக்கும் காலம் இது. வேடந்தாங்கலுக்கு ஓட வேண்டாம், அங்கே பங்குனியில் கூட்டம் கலையத் தொடங்கிவிடும். ஊர் ஏரி, கரையில் நாலு பனை, ஒரு வேப்பமரம், பக்கத்தில் கொஞ்சம் தரிசு நிலம் இருந்தால் போதும்.

முந்தைய நாள்: பைனாகுலரைச் சரிசெய்யுங்கள்

8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. பன்னிரண்டு, பதினாறு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அத்தனை மடங்காகும். ஜூம் வைத்த மலிவான பைனாகுலர் வேண்டவே வேண்டாம்.

தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்து தெளிவாகும்படி வையுங்கள். பிறகு இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்கத்து வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. அரை மணியில் தலைவலி என்பார்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்பக்கத்து ரப்பர் கிண்ணத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும்.

காலை 6 முதல் 9 வரை

கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் விழ வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். வெள்ளைச் சட்டை வேண்டாம், மங்கிய பச்சையோ பழுப்போ போடுங்கள். தண்ணீர் 2 லிட்டர், ஒரு நோட்டு, பென்சில்.

பறவை தெரிந்ததும் பைனாகுலரைக் குனிந்து பார்க்காதீர்கள். பார்வை பறவை மேலேயே இருக்கட்டும், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணில் வைத்துக்கொண்டு தேடினால் இலையும் வானமும்தான் கிடைக்கும்.

இந்தப் பருவத்தில் புதியவர்களை ஏமாற்றுவது மடையான் என்ற சிறு கொக்கு. பழுப்புக் கோடு போட்ட பறவை என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் அதன் முதுகு கருஞ்சிவப்பாகி, தலையில் நீண்ட வெள்ளை இறகு தொங்கும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகும். இரண்டையும் புதுப் பறவை என்று எழுதிவிடாதீர்கள்.

ஒரு மரம், அரை மணி நேரம்

காக்கைக் கூடு இருக்கும் மரத்தைக் கண்டுபிடித்து, முப்பது நாற்பது அடி தள்ளி நிழலில் உட்காருங்கள். குயில் அங்கே வரும். பாட்டிலெல்லாம் குயிலைப் பெண்ணாக்கி வைத்திருக்கிறோம், ‘கூ...ஊ’ என்று கூவுவது ஆண்தான்: உடம்பெல்லாம் கறுப்பு, கண் சிவப்பு. பெண்ணுக்குப் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, ‘கிக் கிக் கிக்’ என்று கத்தும். ஆண் கூட்டருகே வந்து காட்டிக்கொள்ளும். காக்கைகள் துரத்திப் போகும். அந்த இடைவெளியில் பெண் உள்ளே நுழைந்து முட்டையிட்டுவிடும். குயில் முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரிந்துவிடுவதால் குஞ்சுக்குத் தீனியில் முந்திக்கொள்ள முடிகிறது.

மண்மேட்டில் சிறு துளைகள் இருந்தால் பஞ்சுருட்டான் என்ற சிறு பச்சைப் பறவையின் வளையாக இருக்கலாம். பறவை வாயில் பூச்சியோடு கம்பியில் உட்கார்ந்துகொண்டு உள்ளே போக மறுத்தால், உங்களுக்கு வளை வாய் தெரிகிறது என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். வாய் தெரியாத பக்கமாக நகருங்கள், உடனே போகும்.

கூட்டை நெருங்காதீர்கள்

தரிசில் நடக்கையில் ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் அங்கேயே நில்லுங்கள். கூழாங்கல் நிறத்தில் மூன்று நான்கு முட்டைகள் வெறும் தரையில் கிடக்கும். பார்த்துக் கால் வைத்தாலும் மிதிபடும். வந்த வழியே திரும்பி இருபது மீட்டர் தள்ளிப்போய் உட்காருங்கள். பறவை திரும்பி வரும். வெயில் ஏறியதும் அது தண்ணீருக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் அமர்வதைப் பார்க்கலாம். நீங்கள் பக்கத்திலேயே நின்றால் முட்டை வெயிலில் வெந்துவிடும். கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்கும் பழக்கமும் வேண்டாம், கூட்டை விட்டுவிட்டு எதிரி வந்ததாக நினைத்து அலையும். முட்டை, கூடு எடுப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அணில் விடாமல் கத்தி, மைனாக்களும் சேர்ந்து கூச்சல் போட்டால், அவை பார்க்கும் திசையில் பாருங்கள். பாம்போ வல்லூறோ இருக்கும். வேலியில் தொண்டை சிவந்து தண்டால் எடுக்கும் ஓணான் ஆண். எதிரிக்கோ பெண்ணுக்கோ காட்டுகிறது.

பத்து மணிக்கு மேல்

பறவைகளும் ஓய்ந்துவிடும், நீங்களும் வீட்டுக்குப் போங்கள். நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, செய்த வேலை இந்த ஐந்தையும் அன்றே எழுதுங்கள். ‘கரிச்சான் 2’ என்பதைவிட ‘கரிச்சான் ஜோடி, பனை உச்சியில் காக்கையை நான்கு முறை துரத்தியது’ என்ற வரி அடுத்த வருடம் உதவும்.

மாலை நாலரைக்குத் திரும்ப வாருங்கள். இருட்டுவதற்குக் கால்மணி முன்பு பழைய மரப்பொந்தைக் கவனியுங்கள். புள்ளி ஆந்தை வாசலுக்கு வந்து, தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களை அளவெடுக்கும்.