குடும்பிமலையிலிருந்து வாவி தெரியுமா? கியூஜிஐஎஸ் வியூஷெட் சரிவந்த விதம்

குடும்பிமலை உச்சியிலிருந்து மட்டக்களப்பு வாவி தெரியுமா என்று கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பார்த்தேன். உச்சியில் புள்ளி வைத்து, அங்கிருந்து எவ்விடங்கள் தெரியும் என்று கணிக்கும் ஜிடால் வியூஷெட் கருவியை ஓட்டினால் மட்டக்களப்புப் பக்கம் முழுக்கக் கறுப்பாகவே, அதாவது தெரியாத இடமாகவே, வந்தது. எஸ்ஆர்டிஎம் (விண்ணிலிருந்து ராடாரால் அளந்த தரையுயரப்) படத்தில் தூரம் பாகையில், உயரம் மீற்றரில்; இரண்டும் ஒத்துப்போகாது. ஆள்கூற்று முறையை மாற்றும் வார்ப் கருவியால், மீற்றரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்குக்கு (இபிஎஸ்ஜி 32644), 30 மீற்றர் கலத்தில், அக்கம்பக்கக் கலங்களைச் சராசரியாக்கும் பைலீனியர் முறையில் மாற்றினேன். நியரஸ்ட் (அருகிலுள்ள கலத்தின் மதிப்பை அப்படியே எடுப்பது) என்று விட்டால் சரிவுகளில் படிக்கட்டுக் கோடுகள் விழும்.

அடுத்தது, ஆட்களைக் கூடுதலாக ஏமாற்றுவது: அதிகபட்சத் தூரம் தானாகவே 100 மீற்றரில் நிற்கும். 50000 ஆக்கினேன். பார்ப்பவர் உயரம் 1.6. புள்ளியையும் உச்சிக் கலத்தின் நடுவுக்கே நகர்த்த வேண்டும். ஒரு கலம் தள்ளினாலும் மலையின் தோளே மறைத்துவிடும்.

பூமியின் வளைவு 40 கிலோமீற்றரில் காற்றில் ஒளி வளையும் ஒளிமுறிவைக் கழித்தும் ஏறத்தாழ 108 மீற்றர் விழுங்கும். ஜிடால் இதைத் தானாகவே கணக்கில் எடுக்கும் (கெழு 0.85714). விசிபிலிட்டி அனாலிசிஸ் என்ற கியூஜிஐஎஸ் செருகியிலோ (கூடுதல் கருவி) அதற்கான பெட்டியில் நாமே சரி போட வேண்டும்.

மட்டக்களப்பு வாவியோரக் கல்லடிக் கரை முடிவுகளை நான் அப்படியே நம்புவதில்லை. அங்கே தரை சில மீற்றர்தான். ராடார் தென்னை உச்சியையும் தரையோடு கலந்து பதிந்திருக்கும். அதனால் இலக்கு உயரத்தை 0, 10, 30 என மாற்றி ஓட்டி, எந்த உயரத்தில் கரை வெளுக்கிறது (தெரிகிறது) என்று பார்க்கிறேன்.