காலையில் காட்டும் எண், மாதக் கடைசியில் ஓடும் 3000 மீட்டர்

எங்கள் ஓட்டக் குழுவில் வாட்ச் வாங்கிய எல்லாரும் முதல் வாரத்தில் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, இன்னைக்கு எச்ஆர்வி 31 காட்டுதுங்க, ஓடலாமுங்களா?" எச்ஆர்வி (ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி) என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று மில்லிசெகண்டில் சொல்லும் எண். நான் திருப்பிக் கேட்பேன்: "போன வாரம் சராசரி எவ்வளவு தம்பி?" தெரியாது. "எந்த நேரத்துல எடுத்தது?" அதுவும் தெரியாது. அப்படியானால் அந்த 31-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னொருத்தருக்கு 80 காட்டுவதாலும் ஒன்றும் ஆகிவிடாது. வயது, பரம்பரை என்று பல காரணத்தால் இது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் வேலை எனக்கு. வோல்டேஜைக் குறிக்காமல் 'இந்த பம்ப் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் தள்ளுகிறது' என்று எழுதிக் கொடுத்தால் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உடம்பை அளப்பதற்கும் அதே கறார் தேவை. ஆய்வகமெல்லாம் வேண்டாம். ஒரு வாட்ச், முடிந்தால் ஒரு செஸ்ட் ஸ்ட்ராப் (நெஞ்சில் கட்டி நாடியை அளக்கும் பட்டை), ஒரு எக்செல் ஷீட், மூன்று நான்கு மாதப் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் எதை அளக்கிறோம் என்று பார்த்துவிடலாம். நாடித்துடிப்பு 60 என்றால் ஒவ்வொரு 1000 மில்லிசெகண்டுக்கும் மணியடித்தாற்போல் இதயம் அடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகவும் விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் அடிக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் நடத்துவது வேகஸ் நரம்பு, அதாவது நரம்பு மண்டலத்தில் உடம்பை ஓய்வுக்குக் கொண்டுவரும் பக்கம். களைப்பு, காய்ச்சல், மனஅழுத்தம் வந்தால் அதன் பிடி தளரும். துடிப்புகளுக்கு இடையிலான வித்தியாசமும் சுருங்கும்.

கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த ஐந்து இடைவெளிகள் 980, 1020, 990, 1040, 1010 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து வித்தியாசம் 40, 30, 50, 30. வர்க்கப்படுத்தினால் 1600, 900, 2500, 900. கூட்டினால் 5900, சராசரி 1475, அதன் வர்க்கமூலம் சுமார் 38. இந்த 38 மில்லிசெகண்டுக்குத்தான் ஆர்எம்எஸ்எஸ்டி என்று பெயர். பெரும்பாலான வாட்ச்களும் மோதிரங்களும் எச்ஆர்வி என்று காட்டுவது இதைத்தான். ஆப்பிள் வாட்ச் மட்டும் எஸ்டிஎன்என் என்ற வேறு கணக்கைக் காட்டுகிறது; அது இடைவெளிகளின் திட்டவிலக்கம் (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்), அதாவது அவை தங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு. அதனால் ஆப்பிள் வைத்திருப்பவரும் கார்மின் வைத்திருப்பவரும் எண்ணை ஒப்பிட்டு யார் ஃபிட் என்று வாதாடுவது வீண் வேலை.

கருவியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வாட்ச் பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் விட்டு ரத்த ஓட்டம் ஏறி இறங்குவதைப் பார்க்கிறது. செஸ்ட் ஸ்ட்ராப் இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. அசையாமல் தூங்கும்போது வாட்ச் போதும். ஓடும்போது போதாது. கை ஆடும், வியர்வையில் பட்டை நழுவும், சில சமயம் வாட்ச் இதயத்தை விட்டுவிட்டு காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். நிதானமாக ஓடும்போது நாடி 170-லேயே ஆடாமல் நிற்கிறதா? உங்கள் காலடியும் நிமிடத்துக்கு 170 பக்கம்தானா என்று பாருங்கள். ஆகவே ஓட்டத்துக்கு ஸ்ட்ராப் கட்டுங்கள். அதன் எலக்ட்ரோடு பகுதியைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். காய்ந்த பட்டையோடு கிளம்பினால் முதல் பத்து நிமிட எண்கள் கோமாளித்தனமாக இருக்கும்.

இனி அளக்கும் முறை. இரண்டு வழி உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். முதல் வழி, இரவு முழுக்க வாட்ச் கட்டித் தூங்குவது. கார்மின் மாதிரி வாட்ச்கள் தூக்கத்தில் அளந்து, சுமார் மூன்று வாரம் கழித்து உங்களுக்கென்று ஒரு எல்லையை வகுத்து, 7 நாள் சராசரியை அதோடு ஒப்பிட்டுக் காட்டும். சோம்பேறிகளுக்கு இதுதான் சரி. இரண்டாவது வழி, காலையில் எழுந்ததும் ஸ்ட்ராப்பையும் ஒரு ஆப்பையும் வைத்து அளப்பது. எனக்குப் பிடித்தது இதுதான். ராத்திரி பதினொரு மணிக்குக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் இரவு அளவில் அந்தச் சாப்பாடுதான் தெரியும். காலைக்குள் ஓரளவு அடங்கிவிடும்.

காலை அளவுக்குச் சில நிபந்தனைகள். எழுந்து பாத்ரூம் போய்வந்து, காபிக்கு முன், போனில் மெசேஜ் பார்ப்பதற்கு முன், நாற்காலியில் உட்காருங்கள். ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் அளக்கலாம். மூச்சை இழுத்து நிறுத்தி வித்தை காட்ட வேண்டாம். ஆழமாக மெதுவாக மூச்சு விட்டாலே எண் ஏறிவிடும், அது உடம்பு தேறியதற்கு அடையாளம் இல்லை. படுத்துக்கொண்டு எடுப்பதைவிட உட்கார்ந்து எடுப்பதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நெடுநாள் ஓடியவர்களுக்குப் படுத்த நிலையில் நாடி 45-க்குக் கீழே போகும்; அந்த நிலையில் எச்ஆர்வி உண்மை நிலவரத்தை மறைத்துவிடலாம்.

எண்ணை எழுதும் இடத்தில் இன்னும் நாலைந்து நெடுவரிசை போடுங்கள்: ஓய்வு நாடி, தூங்கிய மணி, நேற்று ஓடிய தூரமும் கடுமையும், அப்புறம் 'குறிப்பு' என்று ஒன்று. இந்தக் கடைசி நெடுவரிசைதான் பின்னால் உயிர் கொடுக்கும். தொண்டை கரகரப்பு, பீர், தாமதமான சாப்பாடு, கோடையில் சரியாகத் தண்ணீர் குடிக்காதது, எல்லாம் அதில் வர வேண்டும். எனக்கு நைட் ஷிப்ட் வரும் வாரத்தில் ஓட்டத்தைக் குறைத்தாலும் எண் படுத்துவிடும். குறிப்பு இல்லாவிட்டால் அந்தப் பழி ஓட்டத்தின் மேல் விழும். பெண்கள் மாதவிடாய் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். சுழற்சியின் பின்பாதியில் எச்ஆர்வி கொஞ்சம் இறங்குவது பலருக்கும் இயல்பு. அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டு ஓய்வெடுக்க வேண்டியதில்லை.

இது பாதி வேலைதான். பெரும்பாலானவர்கள் எச்ஆர்வியை மட்டும் எழுதி வைத்துவிட்டு, ஓட்டத்தை 'நல்லா ஓடினேன்', 'சுமார்' என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மில்லிசெகண்ட், மறுபக்கம் அபிப்பிராயம் என்றால் எதை எதோடு பொருத்துவது? ஓட்டத்துக்கும் ஒரு நிலையான சோதனை வேண்டும்.

நான் சொல்வது இரண்டு சோதனை. ஒன்று வாரம் ஒருமுறை. ஒரே பாதை, ஒரே நேரம், பத்து நிமிடம் வார்ம்அப், பிறகு நாடியை 140-ஐ ஒட்டி வைத்துக்கொண்டு 30 நிமிடம். 140 என்பது எனக்கு. உங்களுக்குப் பேசிக்கொண்டே ஓட முடிகிற நாடி எதுவோ அதை வையுங்கள். 30 நிமிடத்தில் 4.8 கிலோமீட்டர் போனால் நிமிடத்துக்கு 160 மீட்டர். அதை 140-ஆல் வகுத்தால் ஒரு துடிப்புக்கு 1.14 மீட்டர். இந்த எண் மாதக்கணக்கில் மெல்ல ஏறினால் உங்கள் அடித்தளம் வலுக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை ஆறு மணிக்கு மேல் இதைச் செய்ய முடியாது, நடப்பவர்களை விலக்கி விலக்கி ஓடுவதிலேயே நாடி ஏறும். ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். வெயிலும் காற்றின் ஈரமும் நாடியை ஏற்றும், அதனால் அன்றைய வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். ஜனவரி எண்ணை ஏப்ரல் எண்ணோடு வெறுமனே ஒப்பிட்டு 'ஃபிட்னஸ் போச்சு' என்று புலம்பக்கூடாது.

இரண்டாவது சோதனை மாதம் ஒருமுறை: 400 மீட்டர் டிராக்கில் ஏழரைச் சுற்று, அதாவது 3000 மீட்டர், முழு முயற்சியோடு. ஜிபிஎஸ் காட்டும் தூரத்தை நம்ப வேண்டாம், வளைவுகளில் அது பிசகும். முதல் லேனில் சுற்றை எண்ணி, நேரத்தை மட்டும் எடுங்கள். முந்தைய இரண்டு நாள் லேசான ஓட்டம் மட்டும்தான்.

இனி ஷீட்டைப் படிக்கும் விதம். முதல் நான்கு வாரம் எந்த முடிவும் எடுக்காமல் வழக்கம்போல் ஓடுங்கள். அந்த நாட்களின் சராசரி 42, திட்டவிலக்கம் 6 என்று வந்தால், சராசரிக்கு மேலும் கீழும் அரை திட்டவிலக்கம், அதாவது 39 முதல் 45 வரை உங்கள் வழக்கமான எல்லை. எக்செல்லில் இரண்டுக்கும் ஃபங்ஷன் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் ஆர்எம்எஸ்எஸ்டியை லாகரிதம் எடுத்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போடுவார்கள். என்றாவது தாறுமாறாக ஏறிய எண் மொத்தத்தையும் இழுக்காமல் இருக்க அது உதவும். கணக்கு பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம். பிறகு தினமும் கடைசி 7 நாள் சராசரியை மட்டும் அந்த எல்லையோடு வைத்துப் பாருங்கள். இன்றைக்கு 31, ஆனால் 7 நாள் சராசரி 41 என்றால் திட்டமிட்டபடி ஓடலாம். சராசரியே 37-க்கு இறங்கிவிட்டால் அன்றைய இன்டர்வலை (இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடும் பயிற்சி) ரத்து செய்து, லேசாக ஓடுங்கள். எல்லைக்குள் திரும்பும்வரை அப்படித்தான். ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, கடுமையை மட்டும் தள்ளிப்போடுகிறோம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஃபின்லாந்தில் வில்லே வெஸ்டரினெனும் அவருடைய குழுவும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் முன்பே எழுதிய அட்டவணைப்படி ஓடியது. மறு கூட்டத்துக்குக் கடுமையான பயிற்சி எந்த நாளில் என்பதை எச்ஆர்வியின் 7 நாள் சராசரி தீர்மானித்தது. எட்டு வார முடிவில் எச்ஆர்வி கூட்டம் குறைவான கடும் பயிற்சிகளே செய்திருந்தது, ஆனாலும் 3000 மீட்டரில் தெளிவான முன்னேற்றம் காட்டியது அதுதான். அதனால்தான் நானும் 3000 மீட்டரையே வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு படம் வரையுங்கள். கிடைக்கோட்டில் அந்த வாரத்தின் எச்ஆர்வி சராசரி, நெடுக்கோட்டில் துடிப்புக்கு எத்தனை மீட்டர். பன்னிரண்டு புள்ளிதான் இருக்கும், கோடு போட்டு உறவு கண்டுபிடிக்க அது போதாது. ஆனால் கும்பலை விட்டுத் தனியாக நிற்கும் புள்ளிகளைப் பார்த்து, அந்த வாரத்தின் 'குறிப்பு' நெடுவரிசைக்குப் போங்கள். விஷயம் அங்கேதான் இருக்கும். ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு எண் எத்தனை நாளில் திரும்புகிறது என்பதையும் பாருங்கள்: திங்கள் இறங்கி புதனுக்குள் ஏறிவிட்டால் அந்தத் தூரம் உங்களுக்குத் தாங்குகிறது, வெள்ளிவரை இழுத்தால் அடுத்த ஞாயிறு தூரத்தைக் குறைக்கலாம். எண் உயர்ந்தாலே நல்லது என்றும் எண்ண வேண்டாம். அளவுக்கு மீறி ஓடிய வாரங்களில் சிலருக்கு எச்ஆர்வி ஏறவும் செய்யும். எண் ஏறுகிறது, ஆனால் துடிப்புக்கு மீட்டர் இறங்குகிறது, காலும் கனக்கிறது என்றால் கால் சொல்வதை நம்புங்கள்.

ஒரே நாளில் எண் 40-லிருந்து 120-க்குத் தாவினால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்ட்ராப் தளர்ந்திருக்கலாம், அல்லது இடையில் ஒரு துடிப்பு முந்தி அடித்திருக்கலாம். ஒன்றிரண்டு தப்புத் துடிப்பே கணக்கைக் கெடுத்துவிடும், ஆகவே அந்த நாளை ஷீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். அடிக்கடி அப்படி வந்தாலோ, படபடப்பும் தலைசுற்றலும் சேர்ந்தாலோ ஆப்பை மூடிவிட்டு டாக்டரிடம் ஈசிஜி எடுங்கள். பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினைக்குக் கொடுக்கும், நாடியைக் குறைக்கும் மருந்து) மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி, எச்ஆர்வி இரண்டுமே மாறும். மாத்திரையோ அளவோ மாறும் நாளிலிருந்து புதிய கணக்கு ஆரம்பிக்க வேண்டும்.

வாட்ச் மாற்றினாலும் அப்படித்தான். பழையதையும் புதியதையும் இரண்டு வாரம் ஆளுக்கொரு கையில் கட்டிக்கொண்டு தூங்குங்கள், வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்த பிறகு, புதிய வாட்சுக்குத் தனி நெடுவரிசை போட்டு நான்கு வார எல்லையை மறுபடியும் முதலிலிருந்து எடுங்கள்.