பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளரின் மனநலத்தைக் காப்பது எப்படி?

பெருந்தொற்று பரவும்போது மருத்துவமனைகள் பணியாளருக்கென முதலில் ஏற்பாடு செய்வது பெரும்பாலும் ஒரு மனநல உரையாகவே இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை வட்டார மருத்துவமனையோ ஆரம்ப சுகாதார நிலையமோ உங்கள் பொறுப்பில் இருந்தால், உரைக்கு முன் டியூட்டி சார்ட்டைத் திருத்துங்கள். தொடர் இரவுப் பணிக்கு வரம்பு வையுங்கள். தொற்று வார்டில் இருப்பவரைச் சுழற்சி முறையில் வேறு வார்டுக்கு மாற்றுங்கள். புதிதாகச் சேர்ந்தவரை அனுபவமுள்ள செவிலியருடன் இணைத்தே பணியமர்த்துங்கள். சித்திரை வெயிலில் முழுக் கவச உடைக்குள் நிற்பவருக்கு, உடை அணியுமுன் தண்ணீரும் கழற்றியபின் மின்விசிறியுள்ள ஓய்வறையும் கிடைப்பதை உறுதிசெய்யுங்கள்.

2021ஆம் ஆண்டின் கொரோனா இரண்டாம் அலையில், இருக்கும் ஆக்சிஜன் படுக்கையை யாருக்குத் தருவது என்று முடிவெடுக்க நேர்ந்தவர்களை வருத்தியது களைப்பு மட்டுமன்று, குற்றவுணர்வும்தான். அத்தகைய முடிவை இரவுப் பணியிலுள்ள ஒற்றை மருத்துவரின் தலையில் சுமத்தாமல், மூத்தவர்கள் இருவர் மூவர் கூடி எடுத்து, காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். மரணம் நிகழ்ந்தபின் எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள்; அம்முறையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புபவர் பேசட்டும். மற்றவரிடம் சாப்பிட்டாரா, வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் போதும்.

வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற அச்சம் தூக்கத்தைக் கெடுக்கும். தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் செட்டிநாட்டு வீடாக இருந்தால், பின்கட்டில் தங்கிப் பின்வாசல் வழியே வந்துபோகலாம். முகப்பில் இருக்கும் தாத்தா பாட்டியான ஐயாவையும் ஆயாவையும் நெருங்க வேண்டியிராது. தனிமை வாட்டாதிருக்க, மாலையில் ஒரு நேரம் குறித்துக்கொண்டு, திறந்த முற்றத்தின் இரு ஓரங்களிலும் முகக்கவசத்துடன் அமர்ந்து பேசுங்கள். ஆனால் செவிலியரும் தூய்மைப் பணியாளரும் பெரும்பாலும் சிறு வாடகை வீடுகளில்தான் வசிக்கிறார்கள். கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படும் பெரிய வீடுகள் இங்கே எத்தனையோ உண்டு. அவற்றின் உரிமையாளர்களிடம் ஊர்ப் பெரியவர்கள் மூலம் சில அறைகளைக் கேட்டுப் பெறுவதை நிர்வாகமே செய்ய வேண்டும், பணியாளரை வீடு வீடாகக் கேட்கவிடக் கூடாது. தெருக்காரர்கள் ஒதுக்கினால், ஊராட்சித் தலைவரோ வார்டு உறுப்பினரோ நேரில் சென்று பேசட்டும்.

மனச்சோர்வு, ஆர்வமின்மை, தூக்கமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மதுவையோ தூக்க மாத்திரையையோ தாமாக நாடத் தொடங்கினாலோ, மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் மருத்துவத் துறையினருக்கு இந்த ஆபத்து கூடுதல். உள்ளூர் மருத்துவர் தெரிந்தவராயிற்றே என்று தயங்குபவர் மதுரைக்குச் செல்லலாம்; 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தைக் காக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். தற்கொலை எண்ணத்தை ஒருவர் வெளிப்படுத்தினால் அவரை இரவுப் பணிக்கு அனுப்பாமல், மருந்து அலமாரிச் சாவியை வேறொருவரிடம் மாற்றிவிட்டு, தனியே விடாமல் அன்றே துணையுடன் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.