‘அனல்ஜீசியா’வைப் பதம் பிரித்துப் படிக்கும் முறை

மருத்துவமனைச் சீட்டில் ‘அனல்ஜீசியா’ என்று கண்டால் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பதம் பிரித்தாலே பொருள் வந்துவிடும். இது கிரேக்கச் சொல். முதலில் தலைப்பகுதியான ‘அன்’ என்பதைத் தனியே எடுங்கள். ‘நீதி’க்கு முன்னால் வெறும் ‘அ’ வந்து ‘அநீதி’ ஆவதையும், உயிரெழுத்தில் தொடங்கும் ‘ஆதி’க்கு முன்னால் அதுவே ‘அன்’ என்றாகி ‘அனாதி’ பிறப்பதையும் நாம் அறிவோம். வடமொழியும் கிரேக்கமும் ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்தவை என்பதால் கிரேக்கத்திலும் இதே வழக்கம்தான்.

எஞ்சியிருப்பது ‘அல்கோஸ்’, அதாவது வலி. ஆக, வலியை உணராத நிலை என்பதே சொல்லின் பொருள். பழைய கிரேக்கத்தில் மனம் மரத்துப்போன தன்மையையும் இச்சொல் குறித்தது.

இந்த வேர் பிடிபட்டுவிட்டால், ‘ஆல்ஜியா’ என்று முடியும் சொற்களில் முன்பாதியை மட்டும் கவனித்தால் போதும்: மயால்ஜியா தசைவலி, ஆர்த்ரால்ஜியா மூட்டுவலி, நியூரால்ஜியா நரம்புவலி. ‘நாஸ்டால்ஜியா’வும் இந்தக் குடும்பம்தான், ஊரைப் பிரிந்தவர்களுக்கு வரும் ஏக்க நோய்க்கு யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவர் 1688இல் பாசல் நகரில் வைத்த பெயர் அது. ஆனால் ‘அல்ஜீப்ரா’வில் வலியைத் தேடாதீர்கள், அது அரபுச் சொல் (கணக்குப் பாடத்தில் பட்டவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்). ‘நோவால்ஜின்’ மாத்திரையின் பெயரில் நம் ‘நோவு’ கேட்பதும் தற்செயலே. வலியைக் குறிப்பது அதன் பின்பாதி.

பலரும் தடுமாறுவது ‘அனஸ்தீசியா’விடம்தான். அதன் வேர் ‘ஐஸ்தீசிஸ்’, அதாவது உணர்வு. 1846 அக்டோபரில் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரைச் சுவாசிக்கச் செய்து நோயாளியை அறுவைக்கு ஆயத்தப்படுத்திக் காட்டிய மறுமாதமே, அந்நிலைக்கு இப்பெயரைச் சூட்டலாம் என மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். அனல்ஜீசியாவில் வலி மட்டும் போகிறது. அனஸ்தீசியாவில் உணர்வே போகிறது. இரண்டையும் ‘மயக்க மருந்து’ என்று ஒரே பெயரில் சொல்வது சரியன்று. முன்னதற்கு ‘வலியின்மை’ என்ற சொல்லே போதும்.

பிரசவத்தின்போது முதுகில் செலுத்தும் எபிடூரல் மருந்தைப் பற்றி மருத்துவர் ‘அனல்ஜீசியா’ என்று சொன்னால், இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்: தாய் விழித்தே இருப்பார், பேசுவார், வலி பெரும்பாலும் அடங்கியிருக்கும், ஆனால் குழந்தையின் தலை கீழே இறங்கும் அழுத்தம் அவருக்குத் தெரியக்கூடும்.