திடக்கழிவு மேலாண்மைத் திட்டத்துக்கு உள்ளாட்சி அமைப்பு நிதி திரட்டுவது எப்படி?

நிதியைத் தேடும் முன் முழுச் செலவையும் கணக்கிடுங்கள். வண்டிகள், உரக்கூடம், குப்பைக் கிடங்கு ஆகியவை மூலதனச் செலவு. பணியாளர் ஊதியம், டீசல், டயர், கையுறை, பழுதுபார்ப்பு ஆகியவை ஆண்டுதோறும் வரும் நடப்புச் செலவு. மானியத்தில் வாங்கிய வண்டி டயர் மாற்றப் பணமின்றிப் பணிமனையில் நிற்பதற்குக் காரணம், இந்த இரண்டாவது பட்டியலை யாரும் போடாததே. குறைந்த வருமான நாடுகளில் நகராட்சி வரவுசெலவில் சராசரியாக 20 சதவீதம் கழிவு மேலாண்மைக்கே போவதாக உலக வங்கி 2018இல் மதிப்பிட்டது.

நடப்புச் செலவைக் கடனால் ஈடுகட்டக் கூடாது. அதற்கு உரியவை உள்ளூர் வரியும் பயனர் கட்டணமும்தான். கட்டணத்தைச் சொத்து வரி அல்லது குடிநீர் ரசீதோடு சேர்த்து வசூலித்தால் வசூல் செலவு குறையும். வணிக நிறுவனங்களுக்குக் கழிவின் அளவுக்கேற்பக் கூட்டியும் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைத்தும் நிர்ணயிப்பதே நியாயம்.

மூலதனத்துக்கு அரசு மானியம், வளர்ச்சி வங்கிக் கடன், நகராட்சிப் பத்திரம் (முதலீட்டாளர்களிடம் கடன் திரட்ட நகராட்சி வெளியிடுவது) ஆகிய வழிகள் உண்டு. கடனை அடைக்கும் காலம் சொத்தின் ஆயுளைத் தாண்டக் கூடாது.

தனியாருடன் ஒப்பந்தம் செய்தால் குப்பை வண்டிகளை எடைபோடும் எடைமேடையை உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். எடைக்கு மட்டுமே பணம் தருவதாக இருந்தால் மண்ணும் கட்டட இடிபாடும் குப்பையோடு வண்டியேறும் என்பதால், தொகையின் ஒரு பகுதியைத் தரம் பிரித்த சேகரிப்போடு இணைப்பது அவசியம்.

உரம், மறுசுழற்சிப் பொருள் விற்பனை பெரும்பாலும் செலவில் ஒரு பகுதியையே ஈடுசெய்யும். அதையே நம்பியிருக்கும் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். குப்பைக் கிடங்கை மூடிய பின்னும், குப்பையிலிருந்து வடியும் கசிவுநீரைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டியிருப்பதால், அதற்கான தொகையை முதலாண்டிலிருந்தே டன்னுக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கில் ஒதுக்கி வாருங்கள்.