புல்தரையில் வேர்ப்புழு: கண்டறிவதும் கட்டுப்படுத்துவதும்

தண்ணீர் விட்டும் புல் திட்டுத் திட்டாகப் பழுக்கிறதா? உரம் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி புல்லை இழுத்துப் பாருங்கள். வேரில்லாமல் பாய்போலச் சுருண்டு வந்தால் அது வேரைத் தின்னும் வண்டுப் புழுவின் வேலை.

பழுத்த திட்டின் ஓரத்தில், பச்சையும் பழுப்பும் சேரும் இடத்தில், ஓரடிச் சதுரத்துக்கு மூன்று பக்கம் வெட்டிப் புரட்டுங்கள். நடுவில் தோண்டிப் பயனில்லை. அங்கே வேரைத் தின்றுவிட்டுப் புழு நகர்ந்திருக்கும். வெள்ளை உடல், பழுப்புத் தலை, மூன்று ஜோடிக் கால், அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். அந்தச் சதுரத்தில் ஐந்துக்குக் குறைவென்றால் நல்ல புல் தாங்கும். பத்தைத் தொட்டால் மருந்து தேவை.

இந்த வண்டுப் புழுக்களைக் கொல்லும் நூற்புழுக்கள் (நெமடோடு எனும் நுண்புழுக்கள்) கடையில் கிடைக்கும். சிறு புழுக்களிடம்தான் அவை நன்றாக வேலை செய்யும். வெயிலில் செத்துப்போகும் என்பதால் மாலையில், நனைந்த மண்ணில் ஊற்றி, இரண்டு வாரம் ஈரம் காக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நூற்புழுக்கள் சிக்கிக்கொள்ளாதபடி தெளிப்பானின் வடிகட்டியையும் கழற்றிவிடுங்கள்.

செடிகளில் இலையோரம் கடிபட்டிருந்தும் பகலில் பூச்சி தென்படவில்லையென்றால், இருட்டியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். புழு வளர்ந்து வண்டாகி இலையைத் தின்றுகொண்டிருக்கலாம். அந்த வண்டுகளைச் சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டிவிடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் தின்பது குறையும். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மிதக்கும், இலை கருகும்.

உரக்குழியில் முதுகால் ஊர்ந்துபோகும் புழுவை மட்டும் விட்டுவிடுங்கள். அது மக்கைத் தின்பது.